அசலைக் கழற்றிய பின்

'பிரதி' என்ற சொல்லை நாம் இரண்டு அர்த்தங்களில் புழங்குகிறோம். அமைப்பியல் பேச ஆரம்பித்த நாளிலிருந்து விமர்சகர்களுக்கு அது டெக்ஸ்ட். ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவருக்கு அது நகல். முதல் அர்த்தத்தைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இரண்டாவதுதான் கொஞ்ச நாளாக என்னைத் தொந்தரவு செய்துவருகிறது.

காலஞ்சென்ற ஆசிரிய நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவர் நடத்திய பத்திரிகையின் பக்கங்கள் முழுக்க அதில்தான். அச்சேறாத ஒரு நெடுங்கவிதையும் அதில்தான். எக்ஸ்பியை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே கைவிட்டுவிட்டது. டிஸ்க் இப்போது சுழல ஆரம்பிக்கும்போது ஒரு மாதிரி கரகரக்கிறது. "ஃபைல்களையெல்லாம் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பெட்டியைக் கடாசுங்கள்" என்றார்கள் நண்பர்கள். நல்ல யோசனைதான், இங்கிலீஷில் எழுதியிருந்தால். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டு எழுத்துரு முறைகளை அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முன்னும் இடையிலும் எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு வரைபடம் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அந்த ஃபைலைத் திறந்தால் கவிதை ரோமன் எழுத்துக் குப்பையாகக் கொட்டுகிறது. மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன. எழுத்துகளைத் தருகின்றன, பக்கத்தைத் தருவதில்லை. இந்தக் கவிஞரோ ஒரு வரியை எங்கே நிறுத்துவது என்பதற்காக ஒரு மாதம் யோசிப்பவர். ஆகவே ஃபைல் போதாது; அந்த மெஷின் அப்படியே வேண்டும். அசல் டிஸ்க் ஒரு நாள் எழுந்திருக்க மறுத்தால் அந்த இடத்தில் எழுந்து நிற்கும் இன்னொரு டிஸ்க் வேண்டும்.

எல்லா ஃபைல்களையும் இழுத்துப் போட்டால் இது வந்துவிடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் ரிஜிஸ்ட்ரியைத் தானே பூட்டி வைத்திருக்கும், நகலெடுக்க விடாது. அது போக, துவக்குகிற விஷயம் ஃபைல்களில் இல்லவே இல்லை. டிஸ்க்கின் முதல் செக்டார், 512 பைட். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கான இடம், 64 பைட் பகுதிகளின் அட்டவணை, கடைசி இரண்டு பைட் ஒரு முத்திரை. அட்டவணையில் எந்தப் பகுதியிலிருந்து துவங்குவது என்ற குறியும் இருக்க வேண்டும். எந்த ஃபோல்டரிலும் இதைப் பார்க்க முடியாது. நாற்பது ஜிபியையும் ஒன்று விடாமல் கொண்டுவந்து இந்த அரைக் கிலோபைட்டை விட்டுவிட்டால் கிடைப்பது ஒரு கிடங்கு, மெஷின் அல்ல. குளோன்ஸில்லா போன்ற நிரலை வெளியிலிருந்து, சிடி மூலம் ஓட்டி, டிஸ்க்கை டிஸ்க்காகப் பிரதியெடுப்பது இதற்காகத்தான்.

இதற்கு மேல்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. அதே முதல் செக்டாரில், நிரலுக்கான இடத்தின் வாலில், நான்கு பைட்டில் டிஸ்க்கின் கையொப்பம் ஒன்று உண்டு. எது 'சி' என்று எக்ஸ்பி தீர்மானிப்பது அதைக் கொண்டு. அசலும் நகலும் சேர்ந்து பூட்டப்பட்டிருக்கும்போது நகலை முதன்முதலாகத் துவக்கினால், பழைய டிஸ்க்கே 'சி'யாக நீடிக்கலாம். நகல் வேறொரு எழுத்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். திரை வரும், ஐகான்கள் வரும், பேஜ்மேக்கர் திறக்கும். பிரமாதமாக வேலை செய்கிறது என்று நாம் அசலைப் பரணில் போடுவோம். மறுநாள் நகல் எழுந்திருக்காது. அத்தனை நேரமும் அது பக்கத்திலிருந்த அசலிடம் கேட்டுக் கேட்டுத்தான் நடந்திருக்கிறது.

எலியட்டைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மட்டும் நடக்கும் சில தமிழ் விமர்சனக் கட்டுரைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கொஞ்சம் இழுத்துப் போட்ட உவமைதான்; இருந்தாலும் விடுவதாக இல்லை. இவற்றில் மேற்கோள் பிசகியிராது, வாதம் கோவையாக இருக்கும், படிக்கிறபோது ஒரு குறையும் தெரியாது. எலியட்டைக் கழற்றிவிட்டு ஒரு தமிழ்க் கவிதையை எதிரே வையுங்கள்.

ரிச்சி தெருவில் டிஸ்க் வாங்கப் போனபோது கடைப் பையன் இதையேதான் வேறு மாதிரி சொன்னான்: "சார், பழசக் கழட்டிட்டுத்தான் புதுச மொதல்ல ஆன் பண்ணணும். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாக்காதீங்க." மெத்தப் படித்தவர்கள் நகலை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஒப்பிடவே கூடாது என்றான் இவன். அசல் ஆஜராக இருக்கிற வரை நகலைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்பது அவன் கட்சி.

வங்கியில் இதையே பெரிய அளவில் செய்கிறோம். ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு உத்தரவுப்படி முக்கியமான அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை உண்டு. மாற்று மையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது. குறைந்தது ஒரு முழு வேலைநாள், காலைத் துவக்கத்திலிருந்து நாள் முடிவுக் கணக்கு வரை, அங்கிருந்தே நடத்த வேண்டும். கவுண்டரில் நிற்பவருக்கு அன்று எந்த வித்தியாசமும் தெரியக் கூடாது.

அசலின் கேபிளைக் கழற்றினேன். நகலின் ஜம்பரை 'மாஸ்டர்' நிலைக்கு மாற்றினேன் ('ஸ்லேவ்' என்பதுதான் மற்ற நிலை, பெயர் வைத்தவரைச் சொல்ல வேண்டும்). கறுப்புத் திரை வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றது. பிறகு எழுந்தது. நெடுங்கவிதையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வலது ஓரமாகத் தனித்து நிற்கும். அங்கேயே நின்றது. ஒரு நாள் முழுக்க அதிலேயே வேலை செய்தேன், கவிதையை அச்சுக்கு வரி வரியாகச் சரிபார்த்தேன்.

இப்போது தினம் ஓடுவது நகல்தான். அசல் ஒரு கவருக்குள் இரும்பு அலமாரியில் இருக்கிறது. நகலும் புதிதல்ல, யாரோ உபயோகித்துத் தள்ளியது, ஐ.டி.இ. டிஸ்க்குகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அடாப்டர் ஒன்றைப் போட்டுப் புது டிஸ்க்கில் இதை ஏற்றலாம் என்கிறான் பையன். மாசி மாதம் வரச் சொல்லியிருக்கிறான்.