அம்மாவுக்கு வருது, எனக்கு எதுக்கு?

இலஞ்சிப் பக்கம், சிற்றாற்றுப் பாசனத்தில் 80 சென்ட் வயல். 2017-ல் அப்பா இறந்ததும் பட்டா அம்மா பெயரிலும் மகன் பெயரிலும் கூட்டாக மாறியது. மகனுக்கு அப்போது 13 வயது. 2019 பிப்ரவரியில் பி.எம்.கிசான் திட்டம் தொடங்கியபோது அம்மா பதிவு செய்துகொண்டார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய், ஆண்டுக்கு 6,000. உர மூட்டைக்கும் நடவுக் கூலிக்கும் ஓரளவு கைகொடுத்தது.

2022 மே மாதம் மகனுக்கு 18 முடிந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டு ஒன்று, உலை ஒன்று. வீட்டுக்கு ஒருவருக்குத்தான் பணம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். ஊரில் இன்னும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

2023 ஜூனில் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு விதைநெல் வாங்கப்போன சித்தப்பா, விசாரித்துக்கொண்டு வந்தார்.

"ஏல, ஒனக்கு வயசு வந்து ஒரு வருசமாச்சு. பட்டாவுல ஒனக்கும் பங்கு இருக்கு. நீ தனிக் குடும்பம்லா!"

திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். அதற்கு மேற்பட்ட மகனுக்கோ மகளுக்கோ 1.2.2019-க்கு முன்பே சொந்தப் பெயரில் நிலம் இருந்தால் தனியாகக் கேட்கலாம். அதன்பிறகு வாங்கிய நிலம் சேராது. உடையவர் இறந்து வாரிசாக வந்த நிலம் சேரும். வருமான வரி கட்டுவோர் போன்ற சிலருக்கு இல்லை.

அம்மாவுக்குப் பயம். "ஒனக்குக் கேக்கப்போயி எனக்கு வாரதும் நின்னுரப்போவுது."

"கணவன், பொண்டாட்டி ரெண்டு பேரும் வாங்குனாத்தான் தப்பு மைனி" என்றார் சித்தப்பா.

மகனோ குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். அருவியில் தண்ணீர் விழும் நேரத்தில்தான் கையில் காசு புரளும். "சீசன் முடியட்டும், ஆகஸ்ட்ல பாப்போம்" என்றார். சித்தப்பா விடவில்லை. ஏப்ரல்–ஜூலை ஒரு தவணைக் காலம். அதற்குள் மாநில அரசு பெயரை ஏற்றினால்தான் அந்தத் தவணை உண்டு. ஆகஸ்டில் ஏறினால் அங்கிருந்துதான் கணக்கு. ஒருநாள் சவாரியை விட்டுவிட்டு பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்துடன் இ-சேவை மையத்துக்குப் போனார். ஜூலை முடிவதற்குள் பெயர் ஏறிவிட்டது. (இப்போது புதிதாகச் சேர்பவர்களிடம் விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் கேட்கிறார்கள்.)

ஆனால் பணம் வரவில்லை. வங்கிக் கணக்குடன் ஆதார் இணையவில்லை என்பதே மூன்று தவணை தவறிய பிறகுதான் தெரிந்தது. தபால் நிலையத்தில், ஆதாருடன் இணைந்த புதுக் கணக்கு தொடங்கினார்.

2022 மே முதல் விட்டுப்போனதையும் கேட்டுப் பார்த்தார். பதிவுக்கு முந்தைய தவணைகள் கிடையாது என்றுவிட்டார்கள். அந்த 6,000 போனது போனதுதான். பெயர் ஏறிய பிறகு, தகுதியில்லை என்ற காரணம் தவிர வேறு எதனால் நின்றிருந்தாலும், குறை சரியானதும் நிலுவை முழுவதும் உண்டு. அந்த மூன்று தவணையும் வந்து சேர்ந்தன.

குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டினார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, தன் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கான 2,000 ரூபாயும் வந்திருந்தது.