அம்மா டேட்டிங் போன நாள்

"என்ர படம் ஒண்டு எடு பிள்ளை. பாஸ்போர்ட் படம் மாதிரி வராமல் எடு."

போன வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அம்மா இப்படிக் கேட்டார். கோவிலில் ஏதோ அடையாள அட்டை கேட்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். பின்வளவில் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதிலை சிரிப்புக் கூடிப்போச்சு. பாக்கிற ஆக்கள் பிழையா நினைப்பினம்" என்றார்.

"ஆர் பாக்கப் போறது?" என்று கேட்டேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. டேட்டிங் அப். கூட வேலை செய்கிற ஒரு பிள்ளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு 54 வயது. அப்பாவும் அவரும் பிரிந்து ஆறு வருஷம். உங்களில் சிலருக்கு இந்தக் கதை வீட்டிலேயே தெரிந்திருக்கும். ஆனால் நாங்கள் யாரும் இதைக் கதைப்பதில்லை. ஆகவே நான் கதைக்கிறேன்.

கனடாவில் விவாகரத்துக்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்தால் போதும். 1986இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. யாரில் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டும் பிரிந்து வாழலாம். ஸ்காபரோ வீட்டு விலைக்கும் வாடகைக்கும் ஏற்ற சட்டம். அப்பா பேஸ்மெண்டுக்குப் போனார். வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ், இரண்டு கேத்தில், ஒரே ஒரு உடுப்புத் தோய்க்கிற மெஷின். அதற்கு மட்டும் நேர அட்டவணை போட்டு ஒட்டியிருந்தார்கள். நீதிமன்றம் கட்டளை தந்து 31ஆம் நாள் விவாகரத்து செல்லுபடியாகும். அந்த 31ஆம் நாள் இரவு அம்மா புட்டு அவித்தார். ஒரு பாத்திரத்தில் போட்டு, "கீழை குடுத்திட்டு வா" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கலியாணம் முடிந்தது அப்படித்தான்.

அதே 1986இல்தான் மணிரத்னத்தின் 'மௌன ராகம்' வந்தது. அம்மாவுக்கு மிகவும் பிடித்த படம். ரேவதி, மோகனிடம் பரிசாக விவாகரத்துக் கேட்பார். கலியாணமாகி ஒரு வருஷம் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும். அந்தக் காத்திருப்புக்குள் இருவருக்கும் அன்பு வந்து, ரயில் நிலையத்தில் சேர்ந்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் காத்திருந்தோம். எங்களிடம் ரயில் நிலையம் இருக்கவில்லை, பேஸ்மெண்டுதான் இருந்தது.

அம்மா அப்பைப் போட்ட அன்று, விவாகரத்துக்குப் பிறகு திரும்பக் காதலிக்கிற மாதிரி ஒரு நல்ல தமிழ் காதல் நகைச்சுவைப் படம் சேர்ந்து பார்ப்போம் என்று தேடினேன். கையில் அகப்பட்டது 2020 காதலர் தினத்தில் வந்த 'ஓ மை கடவுளே'. நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு நிற்கிற அசோக் செல்வனுக்கு, கடவுளாக வரும் விஜய் சேதுபதி இரண்டாவது சந்தர்ப்பம் கொடுக்கிறார். கலகலப்பான படம்தான். ஆனால் அந்த இரண்டாவது சந்தர்ப்பம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? அதே மனைவியிடம். கௌதம் மேனனின் 'என்னை அறிந்தால்' படத்தில் த்ரிஷா விவாகரத்தான அம்மா. அஜித்துக்கும் அவருக்கும் வருவது அழகான காதல். கலியாணம் நெருங்கும்போது அவரைக் கொன்றுவிடுகிறார்கள். அம்மா ரிமோட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்டில் பழைய மனிசனிட்டைத் திரும்பிப் போகவேணும், இல்லாட்டிச் சாகவேணும். நல்லாயிருக்கு."

இது எங்கள் ஆட்களின் வியாதி மட்டுமில்லை. ஹாலிவுட்டிலும் 1930களிலும் 40களிலும் இப்படி ஒரு வரிசைப் படங்கள் வந்தன. 'தி ஓஃபுல் ட்ரூத்' (1937), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940), 'தி பிலடெல்பியா ஸ்டோரி' (1940). விவாகரத்து வரைக்கும் போன சோடி கடைசியில் திரும்பச் சேர்வதுதான் கதை. மூன்றிலும் அந்தக் கணவர் கேரி கிராண்ட்! ஸ்டான்லி கேவல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1981இல் இவற்றை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிகள் கலியாணத்தின் புனிதத்தைக் காப்பாற்றச் சொன்னன. முறிந்த கலியாணத்தை வைத்துச் சிரிக்கலாம், ஆனால் கடைசியில் ஒட்டிவிட வேண்டும்.

அப்படியே வந்து சேர்ந்தது, நீங்கள் எல்லோரும் பார்த்த 'நெவர் ஹாவ் ஐ எவர்'. 15,000 பேர் விண்ணப்பித்ததில், பக்கத்து மிசிசாகாவில் பிறந்த ஈழத்துப் பெற்றோரின் பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணன் தேவியாக வந்தார் என்று நாங்கள் துள்ளியது ஞாபகம் இருக்கிறதா? 2020இல் நான் பார்த்தது தேவியின் காதலை. இப்போது அம்மாவோடு திரும்பப் பார்த்தபோது, அதன் உள்ளே இன்னொரு படம் ஓடுவது தெரிந்தது. தேவியின் அம்மா நளினி, கணவர் இறந்த பிறகு இன்னொரு டாக்டரோடு பழகுகிறார். அது தெரிந்ததும் தேவி வெடிக்கிறாள். கடைசி சீசனில் அப்பம்மாவே கலியாணம் முடிக்கிறார்! அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் முதல் சீசனில் கணேஷ் பூசை காட்டும் பகுதியில் ஒரு பெண் வருவாள். வீட்டார் விருப்பத்துக்கு மாறாகக் காதலித்து முடித்து, பிறகு விவாகரத்தானவள். மற்றப் பெண்கள் அவளை விட்டு ஒதுங்குகிறார்கள். அந்த இடத்தில் அம்மா எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

சரி, டேட்டுக்கு வருவோம்.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் எங்கேயும் வேண்டாம், தெரிந்த ஆட்கள் இல்லாத இடம் வேண்டும் என்றார் அம்மா. போமன்வில்லில் ஒரு ரிம் ஹோர்ட்டன்ஸ் பார்த்து வைத்தோம். 401இல் ஓட அவருக்குப் பயம். ஆகவே நான் சாரதி. அந்த மனிதர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர், அவரும் விவாகரத்தானவர். பூங்கொத்து இல்லை. பிளாஸ்டிக் பையில் முருங்கைக்காய் கொண்டுவந்தார். நான் மூன்று மேசை தள்ளி இருந்து போனைப் பார்ப்பதுபோல நடித்தேன்.

அது அப்பிள் பிடுங்குகிற காலம் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. போமன்வில் பக்கம் தோட்டங்கள். அரை மணித்தியாலத்தில் கதவு திறந்தது. கோவிலில் காணும் ஒரு அன்ரி, குடும்பத்தோடு, கையில் அப்பிள் பையோடு வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"அம்மாவோட இருக்கிறது ஆர் பிள்ளை?"

"மாமா" என்றேன். யோசிக்கவே இல்லை. "அம்மான்ர ஒன்றுவிட்ட தம்பி. லண்டனிலை இருந்து வந்திருக்கிறார்."

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கதைக்கிற ஆள். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

திரும்பி வரும்போது முருங்கைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு விட்பி வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்:

"அந்த நளினிக்கு மனிசன் செத்துப்போட்டார். கொப்பர் செத்திருந்தா எனக்கும் சனம் சாப்பாடு கொண்டு வந்திருக்கும். பிரிஞ்சபடியால் கேள்வி கொண்டு வந்ததுகள். பரவாயில்லை. ஆனால் நீ ஏன் பிள்ளை பொய் சொன்னனி? நான் என்ன களவெடுத்தனானே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. அன்ரியின் முகத்தில் வரப்போகிற பார்வையிலிருந்து என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். தேவி கத்தியாவது தன் கோபத்தைக் காட்டினாள். நான் ஒரு மாமாவைக் கண்டுபிடித்தேன்.

அந்தக் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று பிறகு யோசித்தேன். எங்கள் பெற்றோர் வளர்ந்த இலங்கையில் பொதுச் சட்டப்படி விவாகரத்துக்குக் குற்றம் காட்ட வேண்டும். பிறருடன் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. இந்த மூன்றில் ஒன்று. அதாவது ஒரு குற்றவாளி இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் விவாகரத்து என்றதும் எங்கள் சனம் கேட்கிற முதல் கேள்வி, "ஆரிலை பிழை?" ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள் என்றால் அவர்களுக்குப் பதில் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கிறது. நான் இங்கே பிறந்து வளர்ந்தவள். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

அந்த மட்டக்களப்பு மனிதரோடு அம்மா இரண்டாவது தடவை போகவில்லை. "நல்ல மனிசன். ஆனால் ஒரு மணித்தியாலம் தன்ர சலரோகத்தைப் பற்றியே கதைச்சார்" என்றார். முருங்கைக்காய்க் கறி மட்டும் நன்றாக இருந்தது. நவம்பரில் வேறொருவரைப் பார்க்கப் போனார். இந்தமுறை தானே ஓடிக்கொண்டு போனார், உள்வீதியால்.

இந்த வருஷம் தைப்பொங்கல் விழாவில் அந்த அன்ரியைத் திரும்பக் கண்டேன். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார்.

"லண்டன் மாமா சுகமே?"

இதயம் அடித்துக்கொண்டது. "அவர் மாமா இல்லை அன்ரி. அம்மா டேட்டிங் போன ஆள். நான் அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன். சரிவரேல்லை, இப்ப வேறை ஒராளைப் பாக்கிறா."

அன்ரி என்னைப் பார்த்தார். வரிசை இரண்டு அடி நகர்ந்தது. அவர் நகரவில்லை. பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அது என்ன அப் பிள்ளை? என்ர மூத்தவள் திரும்ப வீட்டை வந்து ரெண்டு வருஷமாச்சு. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பெயரைச் சொன்னேன். கைப்பையில் கிடந்த லொத்தர் சீட்டை எடுத்து, பின்பக்கத்தில் எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். மகளின் படத்தைப் பின்வளவு வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கோ என்றும் சொன்னேன்.