ஒரு கிரவுண்டுக்கு ரெண்டு மாமரம்!

சிம்லா, குலு, மணாலி என்று போய்விட்டு வந்த நண்பர்களின் போட்டோக்களில் தவறாமல் ஒன்று இருக்கும். ஒரு கை இடுப்பில். இன்னொரு கை, கிளையில் தொங்கும் ஆப்பிளின் மேல். முகத்தில் என்னமோ தானே நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி ஒரு பெருமிதம்!

அங்கெல்லாம் குடும்பமாகத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கூடையைக் கையில் கொடுத்து, 'வேண்டியதை நீங்களே பறிச்சுக்குங்க' என்று உள்ளே விட்டுவிடுகிறார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளை அழுத்திப் பார்த்து, கடைக்காரரின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொள்ளும் நமக்கு இதைக் கேட்டால் பெருமூச்சுதான் வரும்.

நம்ம ஊரில் ஏன் ஆப்பிள் காய்ப்பதில்லை? ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் பூக்கும். பழைய ரகங்களுக்கு ஏழு டிகிரிக்குக் கீழே சுமார் ஆயிரம் மணி நேரம் குளிர் வேண்டும். அதாவது, நாற்பது நாளுக்கு மேல் ராப்பகலாக ஃபிரிட்ஜுக்குள் இருப்பது மாதிரி. தாம்பரத்தில் மார்கழி மாசம் இருபது டிகிரிக்கு இறங்கினாலே நாம் மப்ளரைத் தேடுகிறோம். ஆப்பிள் எங்கே தூங்குவது? ஹிமாசலப் பிரதேசத்திலேயே இந்த வியாபாரம் ஒன்றும் ஆதிகாலத்து சமாசாரமில்லை. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கட் பக்கம் குடியேறி, தன் நாட்டிலிருந்து கன்றுகளை வரவழைத்து 1916-ல் நட்டார். அதன் பிறகுதான் அங்கே ஆப்பிள் சூடு பிடித்தது. வெயிலைத் தாங்கும் ரகங்களும் இப்போது வந்திருக்கின்றன. ஆனாலும் நம்ம பக்கத்துக்கு என்று ஒரு பழம் ஏற்கெனவே இருக்கிறதே ஸார்!

நம் ஏரியா பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். மாங்காடு... மாம்பாக்கம்... பனையூர்... நாவலூர்... பஸ் போர்டைப் படித்தாலே நாக்கில் எச்சில் ஊறும். இறங்கிப் பார்த்தால் அபார்ட்மெண்ட். மரம் பெயரோடு நின்றுவிட்டது.

ஆனால் ரயிலைப் பிடித்துத் தெற்கே கொஞ்சம் போனால் நிஜ மரங்கள் இன்னும் இருக்கின்றன.

வைகாசியிலோ ஆனியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தில் காலை ஆறு மணிக்குச் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் (திங்கட்கிழமை இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்). பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில்... ஜன்னல் வழியே வரிசையாக ஒன்றே ஒன்றுதான் தெரியும். கலர் கொடி, வெள்ளையடித்த எல்லைக் கல், 'ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்'. யாருடைய ஐந்து நிமிடம் என்று மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். பரனூர் தாண்டி, கொளவாய் ஏரி கண்ணில் பட்டதும்தான் கொஞ்சம் மூச்சு வரும். முப்பது கிலோமீட்டர் சொச்சம், செங்கல்பட்டு.

அங்கிருந்து மதுராந்தகம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஆங்காங்கே மாந்தோப்புகள். அப்படி ஒன்றில்தான் நாங்கள் நாலு பேர் நுழைந்தோம். தாத்தா வைத்த மரம், அப்பா தோண்டிய கிணறு, இப்போது பார்த்துக்கொள்பவருக்கு அறுபதைத் தாண்டிய வயசு. அவர் சம்சாரம் பித்தளைச் சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். அதற்கு முன்பே ஒரு நாய் வந்து எங்கள் நாலு பேரையும் இன்டர்வியூ செய்துவிட்டுப் போனது.

"எந்த ஊருப்பா?"

"தாம்பரம்ங்க ஐயா."

"தாம்பரமா... அப்போ மாமரத்த நேர்ல பாத்திருக்க மாட்டீங்க" என்றார் பெரியவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

முதலில் மரங்களை அறிமுகம் செய்து வைத்தார். பங்கனப்பள்ளி சித்திரையிலேயே ஆரம்பிக்கும். கிளிமூக்கு, கடித்துத் தின்னவும் ஊறுகாய்க்கும். ருமானி, பெயர்தான் வெளிநாட்டுக்காரர் மாதிரி. உருண்டையாக, மெல்லிய தோலோடு, தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் ஆப்பிளேதான்! கிளையில் கை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டால் சிம்லா நண்பருக்கு வித்தியாசம் தெரியாது.

கடைசியில் வருவது நீலம். பல ரகங்கள் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் லீவு போடும். நீலம் வருஷா வருஷம் டியூட்டிக்கு வந்துவிடும். இந்த நல்ல குணத்துக்காகவே தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள் 1970-களில் இதை வடக்கத்தி தசேரியோடு சேர்த்துப் புது ரகங்கள் உண்டாக்கினார்கள். மல்லிகாவுக்கு நீலம் அம்மா. ஆம்ரபாலிக்கு நீலம் அப்பா! நம்ம ஊர்ப் பழம் தில்லியில் செய்த சம்பந்தம். என்ன, பழத்தைப் பிளந்தால் சில சமயம் கொட்டைக்குள்ளிருந்து ஒரு வண்டு குட்மார்னிங் சொல்லும். அவ்வளவுதான்.

"பூ எடுக்கறப்ப வரணும் தம்பி. ஒரு கொத்துல ஆயிரக்கணக்குல பூ இருக்கும். அதுல காயா நிக்கறது ஒண்ணோ ரெண்டோ."

எங்களில் குரூப்-4 பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒருவன், "எங்க கதைதான் ஐயா" என்றான்.

பறிப்பது என்றால் சும்மா பிய்த்து இழுப்பதில்லை. நீளக் கழியின் நுனியில் கொக்கி, அதன் கீழே ஒரு வலைப்பை. காம்பைக் கொக்கியில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினால் காய் பைக்குள் விழ வேண்டும். முதல் அரை மணி நேரம் இலைதான் விழுந்தது. காய் முற்றியதா என்று எப்படித் தெரியும்? காம்பைச் சுற்றி இரண்டு பக்கமும் தோள் மாதிரி எழும்பி, காம்பு குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். சந்தேகமா? வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது முழுகும், பிஞ்சு மிதக்கும்.

விரல் அளவு காம்போடு பறிக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். காம்பு ஒட்ட ஒடிந்தால் பால் பீச்சி அடிக்கும். முகத்தில் பட்டால் புண்ணாகும், பழத்தின் மேல் வழிந்தால் கறுத்துப்போகும். அதனால் கடைசியாகக் காம்பைக் கிள்ளும்போது காயைக் கவிழ்த்துப் பிடித்துப் பாலை வடித்துவிட வேண்டும். பிறகு வைக்கோலில் அடுக்கி வைத்தால் சில நாட்களில் தானாகவே பழுக்கும். கார்பைடு கல் எதற்கு? அதில் பழுக்க வைத்து விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011-லேயே சொல்லிவிட்டன. சரியாக முற்றின காயைப் பறித்தால் கல்லுக்கு வேலையே இல்லை. அவசரப்பட்டுப் பிஞ்சிலேயே இறக்குவதால்தான் அத்தனை கோளாறும்.

ஏன் அவசரப்படுகிறார்கள்? அங்கேதான் குத்தகை வருகிறது.

தை, மாசியில் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே குத்தகைக்காரர் வந்து தோப்பைச் சுற்றிப் பார்ப்பார். மொத்தத்துக்கும் ஒரு தொகை பேசி முன்பணம் கொடுப்பார். அன்றிலிருந்து மருந்து அடிப்பது, காவல், பறிப்பு எல்லாம் அவர் பாடு. காற்றடித்துக் காய் உதிர்ந்தால் நஷ்டமும் அவருக்கே. சொந்தக்காரருக்கு முன்கூட்டியே பணம் வந்துவிடும். ஆனால் அறுவடை முடிகிற வரைக்கும் தன் தோப்பில் தானே ஒரு மாங்காய் பறிக்க முடியாது!

"பேரன் வந்து தாத்தா ஒண்ணு குடுன்னு கேட்டான். குத்தகைக்காரன் இல்லாத நேரமா பாத்துத் திருட்டு மாங்கா பறிச்சேன் தம்பி. நான் வெச்ச மரத்துல!"

அதற்குப் பிறகுதான், வீட்டை ஒட்டிய மரங்களை மட்டும் குத்தகைக்கு விடாமல் நிறுத்திக்கொண்டாராம். தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லி, சீசனில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில குடும்பங்கள் வருகின்றன. தாங்களே பறித்து, எடை போட்டு, கையில் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இடையில் யாரும் கிடையாது.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். மார்க்கெட் என்பது விவசாயிக்கு எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. 2025-ல் மா அமோகமாகக் காய்த்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சித்தூர், கிருஷ்ணகிரி பக்கம் கிளிமூக்கு விலை அதல பாதாளத்துக்குப் போனது. கூழ் தொழிற்சாலைக்காரர்கள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு தன் பங்காக 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசே தலையிட வேண்டி வந்தது. அதே நேரத்தில் சென்னையில் ஒரு டம்ளர் மாம்பழ ஜூஸ் என்ன விலை விற்றது என்று நான் சொல்ல வேண்டாம்.

மோர் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒரு கணக்குப் போட்டார். அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மாமரத்தைப் பழைய முறைப்படி மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நடுவார்கள். ஏக்கருக்கு 40 மரம். ஒரு ஏக்கர் என்பது 18 கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக, ஒரு கிரவுண்டில் நிற்பது வெறும் ரெண்டு மாமரம்!

"அந்த ரெண்டு மரம் வருஷத்துக்கு என்ன குடுக்கும்? அதே எடத்துக்குத் தரகர் என்ன குடுப்பான்? சொல்லுங்க தம்பி, நீங்க படிச்சவங்க."

நாலு பேரும் பட்டதாரிகள். நாலு பேரும் பேசவில்லை.

"ஞாயித்துக்கிழம ஆனா ரெண்டு வகை ஆளுங்க வராங்க. ஒருத்தர் மாங்கா பறிக்க வராரு. இன்னொருத்தர் மரத்தையே பறிக்க வராரு."

மகன் மறைமலைநகரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். 'வித்துடலாம்ப்பா' என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'வேண்டாம்' என்றும் சொன்னதில்லை. சீசனில் ஆட்கள் வந்து போகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனே எடை போட உட்காருகிறானாம். "அன்னிக்கு மட்டும் அவன் மூஞ்சியில ஒரு களை தம்பி" என்று பெரியவர் சொன்னபோது, அவர் சம்சாரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்தில் மதுராந்தகத்தில் 'ஏரி காத்த ராமர்' கோயில் இருக்கிறது. 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, பேய்மழையில் ஏரிக்கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைக் கண்டதாகக் கதை. ஏரிக்கு ராமர் வந்தார். தோப்புக்கு? பத்து குடும்பம் பையை எடுத்துக்கொண்டு வந்தாலே போதும் என்று தோன்றுகிறது. நாம் பறிக்கிற பத்துக் கிலோவால் தோப்பு லாபத்தில் கொழித்துவிடாது. ஆனால் 'வித்துடலாமா' என்ற கேள்வியை அடுத்த சீசன் வரை தள்ளிப் போடுவதற்கு அது ஒரு காரணம். தோப்புகள் அப்படி வருஷம் வருஷமாகத்தான் பிழைத்துக் கிடக்கின்றன.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்:

கேட்காமல் போகாதீர்கள். ஆபீஸிலேயே செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் பக்கத்து ஆசாமி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைப் பிடித்தால் ஒரு சித்தப்பாவோ மாமாவோ தோப்போடு கிடைப்பார். குத்தகையில் இருக்கும் தோப்பு என்றால் குத்தகைக்காரரிடமும் கேட்க வேண்டும்.

கல் விடக் கூடாது, கிளையைப் பிடித்து உலுக்கக் கூடாது. பறித்ததை 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று கழிக்கக் கூடாது. மரத்திலிருந்து இறங்கினது மறுபடி மேலே போய் ஒட்டிக்கொள்ளாது.

செருப்புக்குப் பதில் ஷூ. சருகுக்கடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. துணிப்பை அல்லது அட்டைப்பெட்டி கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் மாங்காய் வியர்த்து அழுகும்.

பனை இருந்தால் சித்திரை, வைகாசியில் நுங்கும் கிடைக்கும். தயவுசெய்து நீங்களே ஏறிப் பார்க்காதீர்கள்! ஏறத் தெரிந்தவருக்குக் கூலி கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. மாமரத்துக்கு அப்படி ஒரு காவல் கிடையாது.

முக்கியமாக, பேரம் பேசாதீர்கள். மாலில் பாப்கார்னுக்குப் பேரம் பேசாத வாய், தோப்பில் மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

கிளம்பும்போது, எங்களில் ஒருவன் கூடுவாஞ்சேரி தாண்டி லோனில் ஒரு கிரவுண்டு வாங்கியிருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வீடு கட்டு தம்பி, வேணாங்கல. நாலு பக்கமும் சிமெண்ட்டு மட்டும் போட்டுடாத. ஒரு மூலைய விடு. அங்க ரெண்டு மரம் இருந்த எடம். ஒண்ணையாவது திருப்பி வெச்சிடு" என்றார்.

ஒட்டுக்கன்று என்றால் மூணு, நாலு வருஷத்தில் காய்க்க ஆரம்பித்துவிடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடிக் கடைகள் இருக்கின்றன. வீட்டு லோன் முடிய இருபது வருஷம் ஆகும் ஸார். மாமரம் அதற்கு ரொம்ப முன்னாடியே வட்டி கட்ட ஆரம்பித்துவிடும்!