நாலு விநாடி ஹார்ன்

எங்கள் வீட்டில் இருபது வருஷமாகப் பாதிப் பாட்டுதான் கேட்டோம். மீதிப் பாதி எங்கே போச்சு என்று யாருமே தேடவில்லை. தொலைந்ததே தெரியாவிட்டால் எப்படித் தேடுவது?

அப்பா ஜீப் டிரைவர். போடிநாயக்கனூரில் விடிகாலையில் எழுந்து தெருவுக்கு வந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, தோளில் ஒரு பையோடு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் பெண்கள் ஜீப்புக்காகக் காத்திருப்பார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஆர்.டி.ஓ. ஒரு கணக்கு வைத்திருப்பார். எங்கள் ஊர் வேறொரு கணக்கு வைத்திருக்கும். முந்தல் தாண்டினால் மலை. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அதற்கு அங்கிட்டு கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை என்று காய் எடுக்கப் போகிற தோட்டங்கள்.

பள்ளிக்கூட லீவில் நானும் தொற்றிக்கொள்வேன். ஆசை மலை மேல் இல்லை, ஜீப்பில் இருந்த கேஸட் பிளேயர் மேல். வீட்டில் இருந்தது ஒரு கரகர ரேடியோ மட்டும்தான். ஜீப்பில் அப்பா இரண்டு ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். அதில் வலது பக்கத்து ஸ்பீக்கர் ஏதோ ஒரு ஐப்பசி மழையில் நனைந்து உயிரை விட்டுவிட்டது.

“மாத்தலாம்லப்பா?” என்றால், “அதான் ஒண்ணு பாடுதுல்ல? ரெண்டும் பாடினா வாடகை கூடவா குடுக்கப்போறாங்க?” என்பார். பின்னாளில் நான் பி.காம். படித்தேன். அதைவிடத் தெளிவான செலவுக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

கேஸட்டெல்லாம் கடைத்தெருவில் இருந்த ரிக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தவை. அதில் ஒரு பாட்டு, ஓடாத படத்துப் பாட்டு. படம் பேரே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ரேடியோவில் அதைக் கேட்ட ஞாபகமே இல்லை. முதல் சரணம் முடிந்ததும் வயலின்கள் ஏறி வந்து சட்டென்று நின்றுவிடும். நாலு விநாடி ஒன்றுமே இருக்காது, லேசான தபேலா மட்டும்தான். அந்த நாலு விநாடியில் அப்பா ஹார்ன் அடிப்பார். ‘பாம்... பாம்... பா...ம்!’ வளைவு வந்தாலும் அடிப்பார், வராவிட்டாலும் அடிப்பார். பின்னால் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பாட்டே அப்படித்தான். வயலின், ஹார்ன், இரண்டாவது சரணம்!

*

படித்து முடித்து, சென்னையில் ஓர் ஆபீஸில் எட்டு வருஷம் டெபிட்டும் கிரெடிட்டும் எழுதிவிட்டு, 2020 லாக்டவுனில் ஊர் திரும்பியவன் அப்படியே தங்கிவிட்டேன். நாலு கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது, நாலு பத்திரிகைகளுக்கு எழுதுவது என்று பிழைப்பு ஓடுகிறது.

2022 தீபாவளி சமயம் ஒரு கிறுக்கு பிடித்தது. நல்ல ஹெட்போன் ஒன்று 11,200 ரூபாய். போனில் இருக்கும் டிஜிட்டல் எண்களை ஒழுங்கான ஓசையாக மாற்றித் தருகிற சின்ன டப்பா ஒன்று 6,300 ரூபாய். ஆக 17,500. ராத்திரி பதினொரு மணிக்கு யோசித்து, பதினொன்று பத்துக்கு ஆர்டர் போட்டேன். மனைவி கேட்டது ஒரே கேள்வி: “காது அதே பழைய காதுதானே?”

பெட்டி வந்தது. மாட்டினேன். ஸார், சத்தியமாகச் சொல்கிறேன், ஆயிரம் தடவை கேட்ட பாட்டுக்குள் அதுவரை யாரோ ஒளிந்திருந்த மாதிரி இருந்தது!

முதலில் வெளியே வந்தவர் பேஸ் கிட்டார்க்காரர். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிரும். உள்ளங்கை அகலத்து ஸ்பீக்கரால் அதற்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. ஆனாலும் பாக்கெட் ரேடியோவில்கூட பேஸ் இருப்பது மாதிரி ஒரு பிரமை உண்டு. அது நம் மூளையின் உபயம். மேலே கேட்கிற உபஸ்வரங்களை வைத்துக்கொண்டு, கீழே என்ன இருந்திருக்கும் என்று அதுவாகவே யூகித்து நிரப்பிக்கொள்ளும், டெபிட்டைப் பார்த்தே கிரெடிட்டை எழுதிவிடுகிற பழைய கணக்குப்பிள்ளை மாதிரி. நிஜமான பேஸ் காதில் விழும்போதுதான் இத்தனை நாள் கேட்டது யூகம் என்று உறைக்கிறது.

மேல் பக்கமும் இதே கதைதான். நல்ல காது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 வரை கேட்கும். மீடியம் வேவ் ரேடியோ சுமார் 5,000 வரைதான் தரும். எஃப்.எம். 15,000 வரை தரும். கொடைக்கானல் பண்பலை வந்தபோது எங்கள் பக்கத்து ஜனம் சொக்கிப்போனதற்குப் பாட்டுத் தேர்வு பாதிக் காரணம் என்றால், இது மீதிக் காரணம்.

எங்கள் ஊரிலிருந்து தேவாரம் வழியாக பஸ் ஏறினால் பண்ணைப்புரம் வந்துவிடும். இளையராஜாவின் ஊர். ‘நம்ம பக்கத்து ஆளு’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். பெருமை மட்டும்தான் முழுசாக இருந்தது, கேட்டதென்னவோ அரைகுறை. தமிழில் பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிவு செய்ததில் முன்னோடி 1978-ல் வந்த அவருடைய ‘ப்ரியா’. ஸ்டீரியோ என்றால் சத்தம் ஜாஸ்தி என்று அர்த்தமில்லை. எந்த வாத்தியம் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று இடம் ஒதுக்குவது, கல்யாணப் பந்தியில் இலை போடுகிற மாதிரி. நாங்கள் ஒரு பக்கத்துப் பந்தியை மட்டும் பார்த்துவிட்டு, கல்யாணமே அவ்வளவுதான் என்று வீட்டுக்கு வந்தவர்கள்!

1986-ல் வந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தை அந்த வாரம் மூன்று முறை கேட்டேன். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்க, மற்ற தந்திகள் பின்னால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. போனில் கேட்டபோது அது வெறும் கசகசப்பு. இப்போது ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு போக முடிந்தது. முன்பெல்லாம் ஒரு பாட்டு என்றால் பாடினது யார், எழுதினது யார் என்று கேட்பேன். இப்போது குழல் யார், டிரம்ஸ் யார் என்று தேட ஆரம்பித்தேன். அருண்மொழி, புருஷோத்தமன், சசிதரன்... டைட்டிலில் கண்ணில் படாத பெயர்களுக்கெல்லாம் காதில் முகம் வந்தது.

அப்புறம் வியாதியும் வந்தது. பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு ஹெட்போனைக் கேட்க ஆரம்பித்தேன். ‘இதில் பதிவு சரியில்லை, அதில் இரைச்சல்’ என்று ஒரு ஐம்பதுகளின் பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். அம்மாவுக்கு உயிரான பாட்டு அது. நல்ல கருவி நல்ல பதிவை உயர்த்தும், சுமாரான பதிவைச் சந்தி சிரிக்க வைக்கும். தப்பு பாட்டின் மேல் இல்லை என்று புரிய எனக்கு ஆறு மாசம் ஆனது.

*

அந்த ஓடாத படத்துப் பாட்டைத் தேடிப் பிடித்ததும் அப்போதுதான். கண்ணை மூடிக் காத்திருந்தேன். வயலின்கள் ஏறின. நின்றன. ஹார்ன் வரவேண்டிய இடத்தில் வலது காதில் ஒரு புல்லாங்குழல் இறங்கி வந்தது!

நாலு விநாடி... தபேலாவோடு தனியாக ஒரு குழல். அடப்பாவிகளா! இருபது வருஷம் செத்த ஸ்பீக்கருக்குள் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர்.

ஓடிப்போய் அப்பாவின் தலையில் ஹெட்போனை மாட்டினேன். கேட்டார். தலையாட்டினார். “நல்லாத்தேன் இருக்கு.”

“குழல் கேட்டுச்சாப்பா?”

“எந்தக் குழலு?”

மறுபடி போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். “அங்க ஒண்ணும் இல்லடா. அது நான் ஹார்ன் அடிக்கிற எடம்ல?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் வீட்டில் வெகு நாளாகவே அது ஒரு ஜோக். அம்மா “தயிர் ஊத்தவா?” என்பாள். “எந்தப் பயிரு?” என்பார் அப்பா. டி.வி. சத்தம் தெரு முனை வரை கேட்கும். ‘வயசாச்சுல்ல’ என்று விட்டுவிட்டோம். எனக்கு ஒரு ஹெட்போன் வாங்க யோசித்த நேரம் பத்து நிமிஷம். அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போக எடுத்துக்கொண்ட காலம் பதினாலு மாசம். அதுவும், கடைத்தெருவில் வலது பக்கமாக வந்த பைக் அடித்த ஹார்ன் கேட்காமல் அவர் குறுக்கே போய், மயிரிழையில் தப்பிய பிறகு.

பரிசோதனைச் சீட்டில் இரண்டு கோடு. ஆரம்பத்தில் சமமாக வந்து, 4,000 அதிர்வு பக்கம் குழி மாதிரி இறங்கின. வலது காதின் கோடு இன்னும் ஆழத்தில். எனக்குப் பார்த்ததும் கொண்டை ஊசி வளைவு ஞாபகம் வந்தது. “என்ன வேலை பார்த்தீங்க?” என்றார் டாக்டர். நான் சொன்னேன். “அதானே” என்றார். அதிகச் சத்தம் காதில் முதலில் கைவைக்கிற இடம் அந்த 4,000-தானாம். முப்பது வருஷம் வலது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இன்ஜின் இரைச்சலும் எதிர்க்காற்றும் லாரி ஹார்னும் வாங்கிய காது. உள்காதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 நுண்முடி அணுக்கள் உண்டு. போனால் போனதுதான், முளைக்காது. தலைமுடியாவது விக் வைக்கலாம்!

பஸ்ஸிலும் ஆபீஸிலும் காதில் செருகிக்கொண்டு திரிகிற தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். பஸ் இரைச்சலை அமுக்கப் பாட்டைக் கூட்டுகிறோமே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

*

காது மிஷின் ஜோடி 46,000 ரூபாய். “எனக்கு எதுக்குடா? நீ கொஞ்சம் சத்தமாப் பேசு, செலவு மிச்சம்” என்றார் அப்பா. அதே செலவுக் கணக்கு! இந்த முறை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மாட்டின முதல் நாள் வீடே ரணகளம். “மிக்ஸிய நிறுத்து!” “யாரு இம்புட்டுச் சத்தமா பேப்பரைப் புரட்டுறது?” சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தவர், “குருவி இன்னும் இருக்கா நம்ம தெருவுல?” என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆனால் பாட்டு? “தகரத்தை உரசுறாப்ல இருக்குடா.” மறுபடி போய்ச் சொன்னோம். மிஷின் பேச்சுக்காகத் தயாரித்தது, சின்ன சத்தத்தை உயர்த்தும், பெரிய சத்தத்தை அமுக்கும், பாட்டின் ஏற்ற இறக்கம் அதில் நசுங்கிவிடும் என்றார்கள். இசைக்கென்று தனியாக ஓர் அமைப்பு வைத்துத் தந்தார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

அடுத்த ஞாயிறு, என் பழைய காரில் அவரை உட்கார வைத்து போடிமெட்டுக்குக் கிளம்பினேன். காரில் இரண்டு ஸ்பீக்கரும் பாடும். முந்தல் தாண்டியதும் அந்தப் பாட்டைப் போட்டேன். அப்பா பட்டனை அழுத்திக்கொண்டார். புலியூத்து பக்கம் வளைவில் திரும்பும்போது வயலின்கள் ஏறின. நின்றன.

குழல் இறங்கியது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும், “இன்னொருக்கா போடு” என்றார். போட்டேன்.

“பாவம்டா அந்த ஆளு. யாரு பெத்த பிள்ளையோ, உசுரக் குடுத்து வாசிச்சிருக்கான். நான் பாட்டுக்கு ஹார்ன் அடிச்சே கெடுத்திருக்கேனே.”

“அதனாலென்னப்பா. எனக்கு ஹார்னோடதான் பிடிக்கும்.”

“ஏலக்காய் எம்புட்டு உசத்தியா இருந்தாலும் பாயாசத்துக்குப் பால் வேணும்ல, அந்த மாதிரிடா” என்றார். எது ஏலக்காய், எது பால் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை போட்டேன். வயலின்கள் ஏறின. எதிரே காலியான வளைவு. நான் அப்பாவைப் பார்த்தேன்.

“அடி” என்றார்.

அடித்தேன். பாம்... பாம்... பா...ம்! அந்தத் தடவை குழல் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.