பிரிக்காத காகிதம்

தில்லியில் டிசம்பர் பிறந்தால் தெருவுக்குத் தெரு வேர்க்கடலை வண்டி வந்துவிடும். கடலைக் குவியலின் உச்சியில் கங்கு போட்ட சின்ன மண்சட்டி புகைந்துகொண்டிருக்கும். அந்த வாசனை பட்டால், ஐம்பது வருஷம் கழித்தும், எனக்கு உச்ச நீதிமன்றத்துப் புல்தரைதான் ஞாபகம் வருகிறது. அங்கே பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரும்.

ஹரியானாப் பக்கத்துக் கிராமத்துக்காரர் அவர். மகன் பள்ளிக்கூட வாத்தியார். 1975 ஜூலையில் ஒரு விடியற்காலை போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. மிசா, விசாரணை இல்லாமலே உள்ளே போடும் சட்டம். ஏன் பிடித்தோம் என்று சொல்லத் தேவையில்லை என்று அந்தச் சட்டத்தையே திருத்தி வைத்திருந்தார்கள். கோர்ட்டுக்குள் நடந்த வழக்கு அவர் மகனுடையது இல்லை. ஜபல்பூரில் தொடங்கி வந்த வழக்கு. அதில் ஜெயித்தால் உன் பிள்ளைக்கும் வழி பிறக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் தில்லி நிருபர். கோர்ட் எனக்கு ஒதுக்கிய இடம். வக்கீல்கள் ஆங்கிலத்தில் பேசப் பேச நான் தமிழில் கிறுக்கிக்கொள்வேன். சாயங்காலம் அதைச் செய்தியாக்கி டெலிபிரிண்டரில் சென்னைக்கு அனுப்பினால் அன்றைய பிழைப்பு முடிந்தது. கரோல்பாக் மெஸ்ஸில் ரசம் சூடாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர பெரிய லட்சியம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அதற்கு முந்தின மாதம், நெருக்கடி நிலை வந்த ஜூன் 25 ராத்திரி, பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில், நண்பன் வேலை பார்த்த அச்சகத்தில் இருந்தேன். திடீரென்று விளக்கு அணைந்தது. மெஷின் நின்றது. பக்கத்துக் கட்டடமும் இருட்டு, அதற்கடுத்ததும் இருட்டு. யாரோ டெலிபோனில் கத்தினார்கள், ஜெயப்பிரகாஷைப் பிடித்துவிட்டார்களாம், மொரார்ஜியையும் பிடித்துவிட்டார்களாம், யார் யார் வீட்டுக்குப் போலீஸ் போகிறது என்று தெரியவில்லை, நீ உன் அறைக்குப் போகாதே, எங்கேயாவது போ என்றார்கள். ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு என்னை யாருக்குத் தெரியும்?

மறுநாள் முதல் எழுதியதை எல்லாம் தணிக்கைக்குக் காட்ட வேண்டும். கும்பகோணத்திலிருந்து அம்மா கார்டு போட்டிருந்தாள்: ‘கண்டதையும் எழுதாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.’

வழக்கின் கேள்வி சின்னது. நெருக்கடி நிலையில் ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டால், அது சட்டப்படிதானா என்று அவன் கோர்ட்டில் கேட்கலாமா, கூடாதா? கேட்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. அரசு மேல்முறையீட்டுக்கு வந்தது. ஏ.என். ரே தலைமையில் ஐந்து நீதிபதிகள். கன்னா, பேக், சந்திரசூட், பகவதி மற்ற நால்வர்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள். அட்டர்னி ஜெனரல் நிரேன் டே வாதாடிக்கொண்டிருந்தார். கன்னா உரக்கப் பேசுகிறவர் இல்லை. அன்றும் மெதுவாகத்தான் கேட்டார். வாழும் உரிமையும் அரசியல் சட்டத்தின் 21வது பிரிவில்தானே இருக்கிறது. ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவனைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நிலை இருக்கும்வரை அதற்கும் கோர்ட்டில் வழி இல்லை என்றார் டே. தன் மனசாட்சிக்கே அது அதிர்ச்சிதான் என்றும் சொன்னார்.

இருமல் சத்தம்கூட இல்லை. என் பேனா மட்டும் ஓடியது. ‘கொன்றால்? — வழி இல்லை.’ இவ்வளவுதான் எழுதினேன்.

வெளியே வந்தால் பெரியவர் எழுந்து நின்றார். ஆங்கிலம் தெரியாதவர். தினமும் என்னைத்தான் கேட்பார்.

“இன்னிக்கு என்ன சொன்னாங்க, பேட்டா?”

என் அரைகுறை இந்தியில் சொன்னேன். வக்கீலின் பதிலைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த கடலையின் தோலை ஊதினார். சிவப்புத் தோல் பறந்து என் நோட்டின் மேல் விழுந்தது.

“கேட்டாரே, அந்த ஜட்ஜ் பேரு என்ன?”

“கன்னா.”

சால்வைக்குள் கைவிட்டு, பனியன் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். வேர்வையில் ஊறி ஓரம் நைந்திருந்தது. “இதை அவர்கிட்ட சேர்த்துடு.”

“அப்படியெல்லாம் கொடுக்கக் கூடாது பாபாஜி. வக்கீல் மூலமாத்தான்” என்று சொல்லி அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். விதிப்படி சரியான பதில். அவர் தலையாட்டிவிட்டுக் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அன்று நான் எழுதிய செய்தியில் அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. நீல பென்சில் அடித்திருந்தது. அதே வாரம் திலக் பாலத்தருகே ஒரு போலீஸ்காரன் என் பையைச் சோதித்தான். நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இது என்ன என்றான். மெஸ் கணக்கு என்றேன். மதராசி என்று சிரித்து அனுப்பினான்.

ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்தார்கள். மிசா எங்கள் ஊருக்கும் போனது. அம்மாவின் கார்டில் கவலை இரண்டு வரி கூடியது.

1976 ஏப்ரல் 28. புல்தரை காய்ந்து மஞ்சளாகியிருந்தது. நாலுக்கு ஒன்று என்று தீர்ப்பு. கேட்க முடியாது என்று நால்வர். முடியும் என்று கன்னா ஒருவர் மட்டும். அந்தத் தீர்ப்பு தலைமை நீதிபதி பதவியைத் தன்னிடமிருந்து பறித்துவிடும் என்று தங்கையிடம் முன்பே சொல்லியிருந்ததைக் கன்னா பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். 1977 ஜனவரியில் அப்படியே ஆயிற்று. அவரைத் தாண்டி பேக் வந்தார். கன்னா ராஜினாமா செய்தார்.

“அந்த ஒருத்தர் அவர்தானா?” என்று கேட்டார் பெரியவர். ஆமாம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். செருப்பின் ஒரு வார் அறுந்திருந்தது. இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

நெருக்கடி நிலை போனது. அதன் அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் கணக்கெடுத்தது: மிசாவில் மட்டும் 34,988 பேர். இரண்டாம் எண் கோர்ட்டில் கன்னாவின் படத்தை மாட்டினார்கள். அந்தப் படத்துக்கு நேராக உட்கார்ந்து எத்தனையோ வழக்குக்குக் குறிப்பெடுத்திருக்கிறேன். நிலத்தகராறு, சம்பள பாக்கி, தூக்குத் தண்டனை. புல்தரையில் யாராவது குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

2017 ஆகஸ்ட் 24. ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் பழைய தீர்ப்பை ரத்து செய்ததை டிவியில் பார்த்தேன். அதைத் தவறென்று எழுதியவர், அன்று நால்வரில் ஒருவராயிருந்த சந்திரசூட்டின் மகன். டெலிபோனில் வாழ்த்துகள் வந்தன, ஏதோ நானே ஜெயித்தமாதிரி.

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். ‘கொன்றால்? — வழி இல்லை.’ பக்க மடிப்பில் சிவப்பாக ஒரு துணுக்குத் தோல், தொட்டதும் பொடியாகிவிட்டது. ஜபல்பூர் வழக்கின் முழுப் பெயர் இருந்தது, நீதிபதிகள் உட்கார்ந்த வரிசை இருந்தது, வக்கீல்களின் பெயர்கள் ஒன்று விடாமல் இருந்தன. நாலு நோட்டையும் இரண்டு முறை புரட்டினேன். அந்த வாத்தியாரின் பெயர் எங்கும் இல்லை. நான் கேட்டதே இல்லை. அந்தக் காகிதத்தில் இருந்திருக்கும்.