பனிச்சறுக்குப் பலகையும் எங்கள் மரவேலைக் கூடமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஊர்ப் பெற்றோரும் பழைய மாணவர்களும் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கடந்த மூன்று மாதமாக, தொழினுட்பப் பாடம் படிப்பிக்கும் ஆசிரியரும் அதைப் படிக்கும் ஐந்து பிள்ளைகளுமாக நாங்கள் சனிக்கிழமை இரவுகளில் ஒரு வேலையில் இருந்தோம். ஸ்னோ விழுந்த மேட்டில் சறுக்கி இறங்க ஒரு பலகை வடிவமைத்தோம். மடிக்கக்கூடியது, திருப்பக்கூடியது. எங்கள் ஆறு பேரில் ஸ்னோவைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. "சேர்மாருக்கு வேற வேலை இல்லையா?" என்று கடைவாசலில் கேட்கப்பட்டது எங்கள் காதுக்கும் வந்தது. கேட்டதில் தவறில்லை. பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர் குடும்பத்தோடு டொரன்டோவில் இருக்கிறார். மாடிக் குடியிருப்பில் வீடு, வாகனம் இல்லை. மகனுக்குப் பதின்மூன்று வயது. அவனுடைய பள்ளியில் "உன் வீட்டில் உள்ள ஒரு பிரச்சினைக்கு நீயே ஒரு பொருள் செய்து கொண்டு வா" என்று வேலை கொடுத்திருக்கிறார்கள். அவன் பிரச்சினை இதுதான்: அங்கே பிள்ளைகள் பூங்காவில் இருக்கும் மேட்டில் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் இறங்குவார்கள். அது அகலம், பஸ்ஸில் கொண்டு போக முடியாது, வீட்டில் வைக்க இடமில்லை. புறப்பட்டால் போகிற பக்கம்தான் போகும், திருப்பவும் முடியாது. சென்ற முறை மரத்துக்கு மிகக் கிட்டப் போய்த் தப்பியிருக்கிறான். உம்மா இனி போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

வாப்பா எங்களுக்கு வொய்ஸ் அனுப்பினார். "சேர், எனக்கு வாள் பிடிக்கப் பழக்கினது நீங்கதானே. இவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க." அப்படித் தொடங்கியது. அங்கே காலை 9 மணி, இங்கே இரவு 7.30. மஃரிப் முடிந்து பிள்ளைகள் விறாந்தையில் கூடுவார்கள்.

முதலில் நாங்கள் செய்தது ஒரு கணக்கு. 10 மீற்றர் உயரமான மேட்டிலிருந்து தடையில்லாமல் இறங்கினால் அடிவாரத்தில் வேகம் என்ன? தரம் 11 பிள்ளைக்குத் தெரிந்த சூத்திரம்தான். செக்கனுக்கு 14 மீற்றர், அதாவது மணிக்கு 50 கிலோமீற்றர். 20 பாகைச் சரிவு, உராய்வுக் குணகம் 0.05 என்று வைத்துக் கழித்தாலும் கணக்கு 40ஐத் தாண்டித்தான் நின்றது. திரீவீல் ஓடும் வேகத்தில் ஒரு பிள்ளை பிரேக் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உம்மா பயந்ததில் நியாயம் இருக்கிறது என்று எல்லாருக்கும் விளங்கியது. திருப்புவது ஆடம்பரம் அல்ல, பாதுகாப்பு. தலைக்கவசமும் வேண்டும் என்று அன்றே முடிவானது.

நமக்கும் சறுக்குவது புதிதில்லை. கமுகம் மட்டையில் உட்கார்ந்து ஒருவன் இழுக்க, மற்றவன் மேட்டில் இறங்கிய வயது எல்லாருக்கும் இருந்தது. மட்டை ஏன் திரும்பாது? அடிப்பக்கம் வழுவழுப்பு, எந்தப் பக்கமும் ஒரே மாதிரி வழுக்கும். திருப்ப வேண்டுமானால் பக்கவாட்டில் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். ஸ்னோவிலும் அதே கதைதான்.

இதை முன்பு யார் எப்படித் தீர்த்தார்கள் என்று தேடினோம். தேடியதில் கிடைத்தவைதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

அமெரிக்காவில் சாமுவேல் அலென் என்பவர் விவசாயக் கருவிகள் செய்து விற்றவர். விதை போடும் கருவி, களை எடுக்கும் கருவி. அந்த வியாபாரம் பருவத்துக்குத்தான். மற்றக் காலத்திலும் தொழிலாளருக்கு வேலை வேண்டும் என்று குளிர்காலத்துக்கு ஒரு பொருளைத் தேடினார். 1889இல் அவர் காப்புரிமை பெற்ற சறுக்கு வண்டிதான் 'பிளெக்சிபிள் பிளையர்'. அதன் அடியில் இரண்டு மெல்லிய உருக்குச் சட்டங்கள். முன்னால் உள்ள குறுக்குத் தடியைக் காலாலோ கையாலோ தள்ளினால் அந்தச் சட்டங்களே வளையும், வண்டி திரும்பும். சில்லும் இல்லை, பொறியும் இல்லை. உருக்கு வளையும் என்ற ஒரே குணத்தை வைத்துச் செய்த வேலை. ஆனால் மெல்லிய சட்டம் இறுகிய பனியில்தான் ஓடும், மென்மையான ஸ்னோவில் புதைந்துவிடும்.

அடுத்தது 1965. மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் என்ற ஊரில் ஷெர்மன் பொப்பென் என்ற பொறியியலாளர், தன் பெண் பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பொருத்தினார். பிள்ளைகள் அதில் நின்றபடி மேட்டில் இறங்கினார்கள். பிறகு முன்நுனியில் ஒரு கயிறும் சேர்ந்தது. 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தவர் அவருடைய மனைவி. பிறன்ஸ்விக் கம்பனி அதை எடுத்துச் செய்து இலட்சக்கணக்கில் விற்றது. அதில் ஏறிப் பழகிய ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்டர் 1977இல் வெர்மொண்டில் சொந்தமாகப் பலகை செய்யத் தொடங்கினார். 1998இல் ஜப்பானின் நகானோவில் அந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் ஏறியது.

இந்தக் கதையில் எங்கள் பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திக் கேட்டது இன்னொருவரைப் பற்றி. டொம் சிம்ஸ். 1963இல் நியூ ஜேர்சியில் அவன் ஒரு பள்ளிச் சிறுவன். ஸ்கேட்போர்ட் பைத்தியம். குளிர்காலத்தில் வீதியெல்லாம் பனி, ஓட்ட முடியாது. அதனால் பள்ளிக்கூட மரவேலை வகுப்பில், பனியில் ஓடும் பலகை ஒன்றைச் செய்தான். பின்னாளில் அவர் பெயரிலேயே கம்பனி வந்தது, உலகச் சம்பியனும் ஆனார். இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஒரு விளையாட்டின் வேர்களில் ஒன்று, பள்ளிக்கூடத்து மரவேலை வாங்கில் இருக்கிறது.

சரி, மடிப்பது எப்படி? எல்லாருக்கும் முதலில் தோன்றியது நடுவில் பிணைச்சல் போட்டுச் சூட்கேஸ் மாதிரி மடிப்பது. கணக்குப் போட்டோம். பிள்ளை 45 கிலோ. பலகையின் இரு முனையும் ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு பனிக் குவியலில் தட்டி நின்றால், முறிக்கும் திருப்பம் நடுவில்தான் ஆகக் கூட, ஏறத்தாழ 112 நியூற்றன் மீற்றர். பலகையின் தடிப்பு 12 மில்லிமீற்றர். அந்தத் தடிப்புக்குள்ளேயே பிணைச்சல் இதைத் தாங்க வேண்டுமென்றால், அதன் ஆணிகளை இழுக்கும் விசை ஏறத்தாழ ஒரு தொன் பாரத்துக்குச் சமன். முதல் குலுக்கலிலேயே ஆணி பிடுங்கி வந்துவிடும்.

இரண்டு கிழமை அதிலேயே நின்றோம். தடித்த பிணைச்சல், இரும்புத் தகடு, பூட்டுக் கொளுக்கி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பாரம் கூடியதே தவிரப் பிரச்சினை தீரவில்லை.

மூன்றாம் கிழமை பேசியவன், அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை. கணிதத்தில் இரண்டு தவணையாக 30ஐத் தாண்டவில்லை. வாப்பா தச்சு பாஸ். "சேர், ஏன் குறுக்கால வெட்டணும்? நீளத்துக்கு வெட்டுவம். புத்தகம் மாதிரி மடியும். விரிச்ச பிறகு மேல ரெண்டு குறுக்குச் சட்டம் போட்டுப் பூட்டினா சரி. எங்கட வாப்பா பலகைக் கதவு அப்படித்தான் செய்வார்."

அறை அமைதியானது. நீளவாக்கில் வெட்டினால் பலகையின் முழு நீளமும் உடையாமல் இருக்கும். முன்னும் பின்னும் வளைக்கும் விசையைப் பிணைச்சல் தாங்கவே தேவையில்லை, மரம் தாங்கும். பிணைச்சல் மேற்பக்கத்தில் இருப்பதால் சறுக்கும் பக்கம் வழுவழுப்பாகவே இருக்கும். இரண்டு பாதியும் தானாக மடிந்துவிடாமல் பிடிப்பது குறுக்குச் சட்டங்கள். பிள்ளை முழங்காலூன்றுவதும் அவற்றின் மேல்தான். ஏறுகிறவரின் பாரமே பூட்டை இறுக்கும்.

பிறகு தேடிப் பார்த்தால், 1990களில் யூட்டா மாநிலத்தில் வொய்லே என்ற கம்பனி மலையேறுபவர்களுக்காகச் செய்த பலகையும் நீளவாக்கில்தான் பிளந்திருக்கிறது. ஏறும்போது இரண்டு கட்டைகள், இறங்கும்போது ஒரே பலகை. அங்கேயும் காலைப் பூட்டும் தகடுதான் இரண்டு பாதியையும் குறுக்கே பிடிக்கிறது. தச்சு பாஸின் மகன் அதைப் பார்த்தவன் இல்லை. கதவைப் பார்த்தவன்.

திருப்புவதற்கு விளிம்பை வளைவாக வெட்ட வேண்டும். நேர் விளிம்பு நேராகத்தான் போகும். நடுவில் சற்று ஒடுங்கிய விளிம்பைச் சரித்தால், அது பனியில் ஒரு வட்டத்தின் துண்டை வரைந்துகொண்டு போகும். எத்தனை ஒடுக்கம்? ஆரை 10 மீற்றர், விளிம்பின் நீளம் 1 மீற்றர் என்றால் நடுவில் 12.5 மில்லிமீற்றர் உள்வாங்க வேண்டும். பைதகரஸ் தேற்றம் தெரிந்தால் போதும். பிள்ளைகள் அதைக் கொப்பியில் செய்யவில்லை. மைதானத்தில் முளை அடித்து, 10 மீற்றர் கயிற்றின் நுனியில் வெண்கட்டி கட்டி, மட்டையில் வளைவைக் கீறினார்கள். அடிமட்டத்தால் அளந்தால் பன்னிரண்டரை. 30 வாங்கிய பிள்ளை அன்று இரண்டு முறை அளந்து பார்த்தான். "சேர், கணக்கு சரியாத்தான் வருது" என்றான். கணக்கு நிஜத்தில் வரும் என்பதை அவன் முதன்முதலாகக் கண்ட நாள் அது என்று நினைக்கிறோம்.

பலகையைச் செய்தது அங்கே, வாப்பாவும் மகனும். 12 மில்லிமீற்றர் பிளைவூட், அடியில் உடைந்த பழைய சறுக்குப் பலகையின் பிளாஸ்டிக் தகடு. நுனி பனியில் குத்தாமல் மேலே வளைய வேண்டும். அதற்கு மேற்பக்கத்தில் குறுக்கே பாதி ஆழத்துக்கு வாள்வெட்டுகள் போட்டு, வளைத்து, வெட்டுகளில் பசை நிரப்பும் முறையை இங்கிருந்து வீடியோவில் செய்து காட்டினோம்.

முதல் ஓட்டத்தில் பிணைச்சல் இடுக்கில் ஸ்னோ இறுகி, மடிக்க முடியாமல் போனது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இடுக்கின் மேல் ஒட்டச் சொன்னோம், சரியானது. அடுத்த கிழமை வந்த வீடியோவில் பலகை மெதுவாக, அகலமாக இடது பக்கம் திரும்பியது. சடுதியாகத் திரும்பாது. நிறுத்துவதற்குக் காலைத்தான் ஊன்ற வேண்டும். ஆனாலும் மரம் இருந்த பக்கத்தை விட்டு விலகிப் போனது. உம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். பஸ்ஸில் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். புள்ளி எத்தனை என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் பாடசாலை மரவேலைக் கூடம் நான்கு வருடமாகப் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கிறது. ஆறு வாங்கு, நான்கு பிடிகருவி, ஒரு பெட்டி உளி. பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை. பரீட்சைப் பெறுபேறு கூட வேண்டும் என்பதற்காக, தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாறச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது அந்தக் கூடத்தை மேலதிக வகுப்பறையாக்கி, கருவிகளை விற்றுவிடும் யோசனை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. இடநெருக்கடி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் மட்டும்தான் சில பிள்ளைகளுக்கு மூளை திறக்கிறது. அதை மூடினால் அவர்கள் நம் பாடசாலையில் எங்கே தெரிவார்கள்?

டாக்டரும் எஞ்சினியரும் வேண்டும் என்று ஆசைப்படாத வீடு இல்லை. எஞ்சினியர் என்பவர் யார்? முறிக்கும் விசை எங்கே விழும் என்று கண்டு, அந்த இடத்தில் வெட்டாமல் விடுபவர். அந்தக் கண் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் இருந்தது. அந்தப் பிள்ளையை வரும் வருடம் பாடசாலையை விட்டு நிறுத்தி வேலைக்கு அனுப்பலாம் என்று வீட்டில் யோசிக்கிறார்கள். கணிதத்துக்குத் தனியாக வகுப்பு எடுக்க நாங்கள் தயார். தச்சு பாஸோடும் பேசினோம். "பாப்பம் சேர்" என்றார். அந்த "பாப்பம்" இன்னும் முடிவாகவில்லை.

நாங்கள் கேட்பது மூன்று விஷயம்.

ஒன்று, வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு கூடம் திறந்திருக்கும். பெற்றோர் வந்து பாருங்கள். பிள்ளைகள் செய்த மாதிரிப் பலகை அங்கே இருக்கிறது, மடித்தும் விரித்தும் காட்டுவார்கள்.

இரண்டு, ஊரில் இருக்கும் தச்சு பாஸ்மார், வெல்டிங் நானாமார் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தாருங்கள். கழிவுப் பலகை, துண்டுத் தகடு இருந்தால் எறிய வேண்டாம், அனுப்புங்கள்.

மூன்று, கூட்டத்துக்கு வாருங்கள். வகுப்பறைக்கு வேறு இடம் பற்றி எங்களிடம் இரண்டு யோசனை இருக்கிறது, அங்கே சொல்கிறோம். வராமல் இருந்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

கருத்து மாறுபடுகிறவர்களும் கீழே எழுதுங்கள், பதில் தருகிறோம். இன்ஷா அல்லாஹ் ஞாயிறு சந்திப்போம்.

வஸ்ஸலாம்.