ஆ-மாவுக்கு நான் செலுத்தாத மரியாதை



சிங்கப்பூரில் நான் வளர்ந்த வீவக வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். அவரை எல்லாரும் 'ஆ-மா' என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதால், பள்ளி விட்டு வந்ததும் நான் அவர் வீட்டில்தான் இருப்பேன். அவருக்கு ஹொக்கியன் தவிர வேறு மொழி தெரியாது. எனக்கோ ஹொக்கியன் தெரியாது. ஆனாலும் கிண்ணம் நிறையச் சூடான கஞ்சி ஊற்றி, பாதி உப்பு முட்டையும் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவருடைய பேத்தியும் நானும் ஒரே வகுப்பு.

எனக்குப் பதினைந்து வயதானபோது ஆ-மா இறந்துபோனார். புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்து, அதன் முன்னால் அவர் படத்தையும், மேசையில் சோறும் பழமும் வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஊதுபத்தி கொளுத்திக் கொடுத்தார்கள். அவர்கள் அதை இரு கைகளாலும் பிடித்துப் படத்துக்கு முன் குனிந்தார்கள். அந்த வாரம்தான் ஞாயிறு பள்ளியில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ பாடம் படித்திருந்தோம். என் கையிலும் ஊதுபத்தியைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? மின்தூக்கிக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றேன். பிறகு மேலே ஏறிப் போய்விட்டேன். அதுதான் விசுவாசம் என்று அன்று நினைத்தேன்.

பல வருடங்கள் கழித்து, சீன வரலாறு படித்தபோது மத்தேயோ ரிச்சி என்பவரைப் பற்றி அறிந்தேன். இத்தாலியில் 1552-இல் பிறந்தவர். இயேசு சபையைச் சேர்ந்த கத்தோலிக்க மிஷனெரி. 1582-இல் மக்காவ் வந்து, அடுத்த ஆண்டு சீனாவுக்குள் நுழைந்தார். முதலில் புத்த பிக்குவைப்போல் மொட்டையடித்து, அவர்களைப்போலவே உடுத்தினார். ஆனால் கற்றவர்கள் மத்தியில் பிக்குகளுக்கு மதிப்பில்லை என்று பிறகு புரிந்துகொண்டு, 1595-இல் தாடி வளர்த்துப் பண்டிதர்களின் பட்டு அங்கியை அணிந்தார். அவர்களுடைய நூல்களை அவர்கள் மொழியிலேயே கற்றார். நட்பைப் பற்றிச் சீன மொழியில் ஒரு நூல் எழுதினார். 1601-இல் பெய்ஜிங்கில் குடியேற அனுமதி கிடைத்தது. ஊர் திரும்பாமலே 1610-இல் அங்கேயே காலமானார். அவரை அடக்கம்பண்ண நிலம் கொடுத்தவர் சீனப் பேரரசர்.

நான் மின்தூக்கியருகில் நின்று கேட்ட அதே கேள்வி அவருக்கும் இருந்தது. ஒரு சீனர் கிறிஸ்தவரானால், முன்னோரின் பெயர்ப் பலகைக்கு முன் குனியலாமா? பல ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்த பின் ரிச்சி ஒரு முடிவுக்கு வந்தார். இது பெற்றோருக்குப் பிள்ளைகள் காட்டும் நன்றி; தெய்வ வழிபாடு அல்ல என்பதே அவர் கருத்து.

பின்னால் வந்த தொமினிக்கன், பிரான்சிஸ்கன் சபை மிஷனெரிகள் இதை ஏற்கவில்லை. அவர்களும் காரணமில்லாமல் பேசவில்லை. ரிச்சி பழகியது பெரும்பாலும் பண்டிதர்களோடு. இவர்கள் பார்த்த சாதாரண ஜனங்களில் பலர், முன்னோரின் ஆவி அந்தப் பலகையில் தங்குவதாக நம்பினார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போனது. 1692-இல் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு அனுமதி அளித்திருந்தவர் பேரரசர் காங்ஷி. 1715-இல் போப்பாண்டவர் அந்தச் சடங்குகளைத் தடைசெய்தார். அந்த ஆணையைப் படித்த காங்ஷி, 1721-இல் மிஷனெரிகள் பிரசங்கிப்பதையே தடைசெய்தார். ரோமாபுரி தன் தடையைத் தளர்த்தியது 1939-இல்தான். இடைப்பட்ட காலமெல்லாம், கிறிஸ்தவனாவது என்றால் தாய் தகப்பனைக் கைவிடுவது என்றே பல சீனக் குடும்பங்கள் எண்ணின.

இது கத்தோலிக்கரின் பிரச்சினை மட்டும் என்று நாம் தள்ளிவிட முடியாது. 1890-இல் ஷாங்காயில் புராட்டஸ்டன்ட் மிஷனெரிகள் கூடிய மாநாட்டில், முன்னோர் சடங்கைப் பொறுமையோடு அணுக வேண்டும் என்று வில்லியம் மார்ட்டின் ஒரு கட்டுரை அளித்தார். அதை ஏற்காதவர்கள் எழுந்து நிற்கும்படி ஹட்சன் டெய்லர் கேட்டார்; பெரும்பாலானோர் எழுந்து நின்றார்கள். நம்முடைய முன்னோர் மத்தியிலும், 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலியின் காலத்தில், பூணூலையும் சந்தனத்தையும் குறித்து இதே வாக்குவாதம் நடந்தது.

யார் சொன்னது சரி? ரிச்சி சொன்னது எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு காரியம் என்னைக் குத்தியது. அந்த மனிதர் பல வருடங்கள் கற்று, கேட்டு, பழகிய பிறகே தீர்மானித்தார். நானோ பதினைந்து வருடம் அடுத்த வீட்டில் இருந்தும், அந்த ஊதுபத்திக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஆ-மா கொடுத்த கஞ்சியைக் குடித்தேன். அவரை வழியனுப்பப் போகவில்லை.

சென்ற வருடம் என் தோழியின் அப்பா இறந்துபோனார். இந்த முறை முன்னதாகவே அவளுக்கு ஃபோன் செய்து கேட்டேன். "ஊதுபத்தி பிடிப்பது உங்களுக்கு என்ன?" சற்று யோசித்துச் சொன்னாள்: "என் பெரியப்பாவுக்கு அது சாமி கும்பிடுவது மாதிரி. எனக்கு, 'அப்பா, நான் வந்திருக்கிறேன்' என்று சொல்வது. உனக்கு மனதில்லையென்றால் பிடிக்க வேண்டாம். தலை குனிந்து நின்றால் போதும்."

ரிச்சியும் அவரை எதிர்த்தவர்களும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்!

போனேன். ஊதுபத்தி வாங்கவில்லை. படத்துக்கு முன் தலை குனிந்து, அந்தக் குடும்பத்துக்காக மனதுக்குள் கர்த்தரிடம் ஜெபித்தேன். ரிம்மோனின் கோவிலில் தன் எஜமானோடு குனிய வேண்டியிருந்த நாகமானை நினைத்துக்கொண்டேன் (2 இராஜாக்கள் 5). அவன் அதைப்பற்றிக் கேட்டபோது எலிசா நீண்ட பிரசங்கம் செய்யவில்லை, சமாதானத்தோடே அனுப்பிவைத்தான்.

பிறகு வட்ட மேசையில் எனக்கு வேர்க்கடலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தோழி சொன்னாள்: "ஆ-மா இறந்த அன்று நீ மின்தூக்கி பக்கத்தில் நின்றதை நான் பார்த்தேன்."

அத்தனை வருடமும் அவள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நண்பர்களே, எங்கே குனியலாம், எங்கே குனியக் கூடாது என்பதை நீங்களும் ஜெபத்தோடு தீர்மானிக்க வேண்டிய நாள் வரும். அதை மின்தூக்கி பக்கத்தில் நின்று தீர்மானிக்காதீர்கள். கிட்டப் போய், முதலில் கேளுங்கள்.